சுமைப் பழம்

“தூக்கிட்டுப் போறவங்களுக்கு வாசம் மட்டும்தானாப்பா?”

ஆறு வயது இராஜம்மா இப்படிக் கேட்டது 1913ஆம் வருஷம், கிள்ளான் ரயிலடியில், அன்னாசிப் பெட்டிகள் சரக்கு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தபோது. கேட்டது அவளுடைய அப்பா கன்னையாவிடம். ஆனால் அந்தக் கேள்வியால் அதிகம் கஷ்டப்பட்டவர், கொஞ்சம் தள்ளிக் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நின்றிருந்த, சரக்குக் கணக்கெழுதும் கிராணி சிவசம்புதான். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கையில் ஒரு மிட்டாயைக் கொடுத்து அப்பால் அனுப்பியிருந்தால் தன் ஆயுளில் பாதி எரிச்சல் மிச்சமாகியிருக்கும் என்று பிற்காலத்தில் அவர் பலமுறை நினைத்துக்கொண்டார்.

கன்னையா அதுவரை மாட்டுவண்டி ஓட்டியவர். பந்திங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அன்னாசிப் பழம் ஏற்றிக்கொண்டுவந்து கிள்ளான் பாசார்ச் சந்தையில் இறக்குவார். மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கிக் குலுங்கி, வந்து சேர்வதற்குள் பாதிப் பழம் நசுங்கிவிடும். அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. மண்ணெண்ணெய் டின் வந்த பலகைப் பெட்டிகளைக் கடை கடையாகக் கேட்டு வாங்கினார். நாற்றம் போக வெயிலில் காயவைத்தார். அடியில் லாலான் புல்லைப் பரப்பி, பழங்களைத் தலைகால் மாற்றி அடுக்கி, மூடி அறைந்து, ரயிலில் கோலாலம்பூருக்கு அனுப்பத் தொடங்கினார். ஆற்றோரத்தில் ஒரு பழைய மாட்டுக் கொட்டகை கிடைத்தது. அவர் மனைவியும் மாரியாயி என்ற பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணும் பழம் அடுக்குவார்கள். முகப்பில் ஒரு தகரத்தில் நீலச் சாயத்தால் ‘கன்னையா பழக்கட்டுக் கம்பெனி, கிள்ளான்’ என்று எழுதி மாட்டியிருந்தார். சிவசம்பு அந்தப் பக்கம் போகும்போது ‘கம்பெனி’ என்ற சொல்லைப் படித்துவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டு போயிருக்கிறார்.

மகள் கேட்டதும் கன்னையா பெட்டி தூக்குகிற ஆட்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். பலகை இடுக்கு வழியாகப் பழவாசம் அவர்கள் முகத்தில் அடித்தது. கழுத்தில் வியர்வை ஓடியது. மறுநாள் வந்த பெட்டிகளில், ஒவ்வொன்றின் மூடிமேலும் ஓர் அன்னாசிப் பழம், கொண்டையில் வாழைநார் சுற்றிக் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது.

“என்ன காணும் இது?” என்றார் சிவசம்பு.

“சுமைப் பழம், கிராணியாரே.”

“அப்பிடியெண்டால்?”

“தூக்குறவங்களுக்குங்க. இங்க ஏத்துறவங்களுக்குக் கையிலயே குடுத்துட்டேன். இது அங்க கோலாலம்பூர்ல இறக்குறவங்களுக்கு. அவங்க யாரு, எவருன்னு நமக்குத் தெரியாதுல்ல? அதான் கட்டி அனுப்புறேன்.”

“பெட்டிக்கு வெளியில தனிச் சாமான் கட்டப்படாது எண்டு ரயில்வேச் சட்டம் இருக்கு.”

“இது சாமான் இல்லீங்களே, பழம்.”

சிவசம்பு கண்ணை மூடி, முருகனை நினைத்து, மூச்சை இழுத்து விட்டார். அவர் பக்தி உள்ளவர். குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். அந்தப் பக்தியெல்லாம் தன் வாயை அடக்குவதற்கே போதாமல் போகிறதே என்று அவருக்கு அடிக்கடி வருத்தம் உண்டு. நின்று ஒவ்வொரு பழமாக அவிழ்க்கச் சொன்னார். கன்னையாவும் மறுபேச்சில்லாமல் அவிழ்த்தார். மறுநாள், அவிழ்த்த பழங்களை மடியில் கட்டிக்கொண்டு தானே ரயிலேறிக் கோலாலம்பூருக்குப் புறப்பட்டுவிட்டார், இறக்குபவர்கள் கையில் நேரில் கொடுக்க. வண்டியையும் மாட்டையும் ரயிலடியிலேயே விட்டுவிட்டுப் போனார். மாடு சும்மா நிற்குமா? நடந்து போய்த் தண்டவாளத்தின் குறுக்கே நின்றுகொண்டது. நாலு பேர் தள்ளியும் நகரவில்லை. அடுத்த வண்டி வெளியிலேயே நின்று கூவிக்கொண்டிருந்தது. மேலதிகாரியிடம் வசவு வாங்கியவர் சிவசம்பு.

அன்று மாலை கன்னையா திரும்பி வந்ததும், “கட்டித் தொலையும்!” என்றார் சிவசம்பு. “சட்டம் கெட்டாலும் பரவாயில்லை. உம்மட மாடு மட்டும் இனி இந்தப் பக்கம் வரப்படாது.”

இப்படித்தான் சுமைப் பழம் கம்பெனியின் வழக்கமாயிற்று.

கம்பெனி வளர்ந்தது. ஒரு பெட்டிக்கு ஒரு பழத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கிற கம்பெனி எப்படி வளர்கிறது என்பது சிவசம்புவுக்குப் புரியவே இல்லை. கொட்டகை நீண்டது, கூரை தகரமாயிற்று, மாரியாயியோடு ஒரு வரிசைப் பெண்கள் பழம் அடுக்க உட்கார்ந்தார்கள். அன்னாசியோடு வாழை, மங்குஸ்தான், ரம்புத்தான் என்று பருவத்துக்கு ஒன்றாகக் கூடைகளும் போயின.

சிவசம்பு ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் மனைவி பூரணத்தோடு குடியிருந்தார். ஒருநாள் கன்னையா தலையில் ஒரு பெட்டியோடு அந்த வாசலில் வந்து நின்றார். கோலாலம்பூர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பெட்டிகளை இறக்கிக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்ப வேண்டும், கிராணியார் பங்காளியாகச் சேரவேண்டும் என்றார். சிவசம்பு முடியாது என்று சொல்ல வாயெடுக்குமுன் உள்ளேயிருந்து பூரணத்தின் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, வீட்டில இருந்து என்னோட சண்டை பிடிக்கிறதிலும் பார்க்க, அவரோட போய்ப் பிடியுங்கோவன். ரெண்டு பேருக்கும் பழக்கமும் இருக்கு.”

சேர்ந்தார். ஒரே ஒரு நோக்கத்தோடுதான் சேர்ந்தார்: வெளியில் நின்று ஒழிக்க முடியாத சுமைப் பழத்தை உள்ளே இருந்து ஒழித்துவிடலாம் என்று.

முதல் தொல்லை எறும்பு. வெளியே கட்டிய பழத்துக்கு எங்கிருந்தோ செவ்வெறும்பு வரும். பழத்தைத் தூக்குகிறவன் கொண்டுபோய்விடுவான். எறும்பு மட்டும் சிவசம்புவின் வெள்ளைக் கோட்டுக்குள் தங்கிவிடும். அடுத்த தொல்லை வாடிக்கையாளர்கள். சுமைப் பழத்துக்குக் கன்னையா எடுப்பது அந்தப் பெட்டியிலேயே சிறந்த பழம். அடியில் மஞ்சள் படர்ந்து, கண் விரிந்து, பார்த்தாலே நாக்கில் நீர் ஊறும். டாக்டர் வீட்டுக் குணபூசணி அம்மாள் ஒருநாள் கையில் குடையோடு, சிவசம்பு பெட்டிகளை இறக்கிவைக்கும் டிப்போவுக்கே வந்துவிட்டார்.

“மிஸ்டர் சிவசம்பு, உங்கட கூலிக்காரன் ஒருத்தன் என்ர வாசல் படலையில நிண்டு ஒரு பழம் சாப்பிடுறான். வாசம் குசினி வரைக்கும் வருது. அவன் இறக்கின பெட்டியைத் திறந்து பார்த்தால் அப்பிடி ஒண்டும் இல்லை. நான் விலை குடுத்து வாங்கிறன். அவனுக்கு மட்டும் எப்பிடி நல்லது?”

சிவசம்பு நேரே ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார்.

“கன்னையா, குடுக்கிறதெண்டால் குடும். நான் வேண்டாம் எண்டேல்லை. ஆனால் கொஞ்சம் அடிபட்டது, சொத்தி விழுந்தது, அப்பிடி ஒண்டைக் கட்டும். சும்மா கிடைக்கிறதுக்கு அவன் பல்லைப் பிடிச்சே பார்க்கப்போறான்?”

கன்னையா ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்துக் கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “அடிபட்டதக் குடுக்குறதுக்குப் பேரு வேறங்க கிராணியாரே. அத நான் பின்னால குழியில போடுறேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாரியாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிவசம்பு அடுத்த வண்டியிலேயே திரும்பி வந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே, “உந்த மனிசனோட கதைக்கிறதிலும் பார்க்கக் கோயில் தூணோட கதைக்கலாம்” என்றார். “தூண் என்ன சொல்லிச்சுது?” என்று பூரணம் கேட்டாள்.

கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் கம்பெனிப் பெட்டிகளை இறக்கி டிப்போவுக்குச் சுமந்துவருகிறவர்களில் மூத்தவர் வேலாயுதம். சிவப்புத் துணியில் சும்மாடு சுற்றியிருப்பார். அதிகம் பேசமாட்டார். பெட்டியை இறக்கி வைப்பார், சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைப்பார், ஒரு கையால் வாழைநாரைச் சுண்டி இழுப்பார். கன்னையா போடுகிற முடிச்சு அப்படி, ஓர் இழுப்புக்கு அவிழும். பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துணியில் முடிந்துகொள்வார். அந்தக் கண்ணில் ஒற்றுகிற காரியம்தான் சிவசம்புவுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. இதென்ன, பிரசாதமா? கிள்ளானில் ஒரு பழைய வண்டிக்காரர் வாழைநாரில் கட்டிய பழத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு?

1931 வந்தது. ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கப்பல் கப்பலாக ஜனங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். சோறே யோசித்துத் தின்கிற காலத்தில் பழம் வாங்குகிறவர் யார்? கடைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. குணபூசணி அம்மாள்கூட, “இப்ப வேண்டாம், பிறகு பார்ப்பம்” என்று சொல்லியனுப்பினார். கிள்ளான் கொட்டகையில் பெண்கள் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மாரியாயிக்கு ஊரில் யாரும் இல்லை. கொட்டகை மூடினால் அவளும் மற்றவர்களும் பெயர் கொடுத்துக் கப்பலேறுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த நேரத்தில்தான் விஜயன் வந்தார். துரைமார்கள் கூடுகிற பெரிய கிளப் ஒன்றில் அவர் தலைமைப் பட்லர். இன்னும் இரண்டு கிளப்புகளுக்கும் அவர் சொன்னால்தான் சாமான் வாங்குவார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வருஷம் முழுதும் கொட்டகைக்கு வேலை.

“பழம் நல்லாருக்கு, மிஸ்டர் சிவசம்பு. அதுல குறையே இல்ல” என்றார் விஜயன். “ஆனா ஒரு கண்டிஷன். பெட்டி நீட்டா வரணும். வெளிய ஒண்ணும் தொங்கக்கூடாது. போன கான்ட்ராக்ட்காரன் பெட்டியில வழியிலயே கை வச்சிட்டாங்க. வெளிய பழம் தொங்குறதப் பாத்தா எங்க துரைங்க, உள்ளயும் கை போயிருக்கும்னுதான் நினைப்பாங்க. வர்ற சனிக்கிழமை பெரிய விருந்து. அன்னிக்கு ஒரு லோட் அனுப்புங்க, பாக்கலாம். அஞ்சு மணிக்கு மேல ஆனா கொண்டு வராதீங்க.”

சிவசம்புவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. இத்தனை வருஷம் கழித்து, ஆண்டவன் ஒரு பட்லரின் வாயால் தன் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டான் என்று நினைத்தார்.

கிள்ளானுக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது முதலில் பேசியது இராஜம்மா. அந்த ஆறு வயதுப் பிள்ளை இப்போது வளர்ந்து, கல்யாணமாகி, கொட்டகையின் பொறுப்பு முழுவதையும் கையில் வைத்திருந்தாள்.

“ஒரு பழத்துக்காகவா வேணாங்குறாங்க, கிராணி ஐயா? அந்தப் பழம் இல்லாம நம்ம பெட்டி ஒண்ணு போனதே இல்லியே.”

“பிள்ளை, எல்லாம் உன்னால வந்த வினை. நீ அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு நிண்டிருந்தால்...”

“சின்னப் புள்ள கேட்டதுக்கு இவ்ளோ வருஷமா கோவமா?” என்று சிரித்தாள் அவள். பிறகு பழம் அடுக்கும் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

கடைசியில் கன்னையாதான் சொன்னார். “நீங்க சொல்றதுல தப்பில்ல, கிராணியாரே. இந்தப் பொம்பளைங்க முகத்தப் பாக்கணும். கட்டாமலே போகட்டும்.” கையிலிருந்த வாழைநாரைச் சுருட்டி வைத்துவிட்டு, “வேலாயுதம் வந்து மூடிமேல கைய வச்சுப் பாப்பாரே. அந்த நேரத்துல நான் அங்க இல்லாதது நல்லதாப் போச்சு” என்றார்.

“நான் அங்கதான் இருப்பன்” என்றார் சிவசம்பு கடுப்பாக. “எனக்கு ஒண்டும் ஆகாது.”

சனிக்கிழமை பெட்டிகளோடு அவரும் ஏறினார். யாரையும் நம்பி விட அவருக்கு மனமில்லை. மூடிகள் மொட்டையாக, துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தன. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் சந்தோஷம் வருவதற்குள் மழை வந்தது. பத்து தீகா நிலையம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பெட்டாலிங் நிலையத்தில் வண்டி நின்றது, நின்றேவிட்டது. முன்னால் தண்டவாளக் கரை அரித்துப் போய்விட்டதாம். வண்டி இன்றைக்கு நகராதாம். ரயில் கார்டு வந்து அவசரக்காரர்கள் நடந்து போகலாம் என்று சொல்லிவிட்டு மழைக்கு ஒதுங்கிக்கொண்டார்.

நடந்து போகலாம்! சிவசம்பு பெட்டிகளைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். அறுபது தாண்டிய தன் முழங்கால்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். கோலாலம்பூருக்கு இன்னும் நாலைந்து மைல் இருக்கும். ரோட்டில் ஒரு லோரி கிடைக்குமா என்று போய்ப் பார்த்தார். ரோடே தண்ணீருக்குள் இருந்தது. மணியைப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, முருகனிடம் முறையிட்டார். பிரார்த்தனை என்று அதைச் சொல்லமுடியாது. ரயில்வேயில் மேலதிகாரிக்குப் புகார் எழுதுகிற தோரணை அதில் இருந்தது.

அப்போதுதான் தண்டவாளத்தின் வழியாக, கோலாலம்பூர்ப் பக்கமிருந்து சில பேர் வருவது தெரிந்தது. தலையில் கோணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு மழையில் நடந்து வந்தார்கள். முன்னால் வருபவரின் கோணிக்கடியில் ஒரு சிவப்புத் துணி தெரிந்தது.

“வேலாயுதம்! நீ எங்கயடா இஞ்ச?”

“கம்பெனிப் பெட்டி பெட்டாலிங்கல நிக்குதுன்னு ஸ்டேசன்ல பேசிக்கிட்டாங்கய்யா. இன்னிக்கு ஏதோ முக்கியமான லோடுன்னு நீங்க சொல்லிக்கிட்டு இருந்தீங்களே. அதான், வாங்கடான்னு கூட்டிக்கிட்டு வந்தேன்.”

“யார் அனுப்பினது?”

“யாரும் அனுப்பலியே.”

சிவசம்புவுக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. “அறிவிருக்கோ? அந்த அரிச்ச கரையைக் கடந்தெல்லோ வந்திருக்கிறியள்! கால் வழுக்கியிருந்தால்?”

“வழுக்கலய்யா” என்றார் வேலாயுதம்.

அவர் சும்மாட்டைச் சரிசெய்து, முதல் பெட்டிக்குக் குனிந்தார். தூக்குமுன் அவருடைய வலது கை, வழக்கப்படி, மூடிமேல் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. விரல்கள் ஈரப்பலகையை ஒருமுறை தடவின. பிறகு பக்கவாட்டில் இறங்கிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டன.

கூட வந்தவர்களில் ஒருவர், “என்னண்ணே, இன்னிக்கு மேல ஒண்ணையும் காணோம்?” என்றார்.

“மழையில விழுந்திருக்கும்லா, தூக்குடா” என்றார் வேலாயுதம்.

சிவசம்பு பொய் சொல்லத் தெரியாதவர். “விழேல்லை” என்றார். “இண்டைக்குக் கட்டேல்லை.”

வேலாயுதம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. “அதனால என்னங்கய்யா. போன வாரத்துப் பழம் சாப்பிட்டேன்ல. இதுல வாசம் வருது, போதும்” என்று சொல்லிப் பெட்டியைத் தலைக்கு ஏற்றினார்.

நாலைந்து மைல் தூரமும் சிவசம்பு அவர்களுக்குப் பின்னால் நடந்தார். கரை அரித்த இடத்தில் வேலாயுதம் பெட்டியை மறுகரையில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அவர் கையைப் பிடித்துக் கடத்திவிட்டார். காற்றில் குடை பின்புறமாக மடங்கி ஒரு கம்பி மூக்கில் குத்திற்று. காலில் போட்டிருந்த சப்பாத்துக்குள் சேறு போயிற்று. வழியெல்லாம் அவர் மழையைத் திட்டினார், ரயில்வேயைத் திட்டினார், துரைமார்களின் விருந்தையும் திட்டினார். முன்னால் போன சிவப்புச் சும்மாட்டை மட்டும் திட்டுவதற்கு வார்த்தை கிடைக்கவில்லை.

ஐந்து மணிக்குள் பெட்டிகள் கிளப்பின் பின்வாசலில் இறங்கின. விஜயன் மூடியைத் தடவிப் பார்த்து, “நீட்!” என்றார். கான்ட்ராக்ட் கிடைத்தது. கிள்ளான் கொட்டகையில் மறுபடியும் வேலை நடந்தது. மாரியாயி அன்றைக்கு ரயிலடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டாள் என்று இராஜம்மா சொல்லியனுப்பினாள்.

அதன்பிறகு கோலாலம்பூருக்கு வந்ததெல்லாம் கிளப் பெட்டிகள்தான். மற்ற வாடிக்கையாளர்கள் யாரும் மிச்சமில்லை. எல்லா மூடியும் மொட்டை. வேலாயுதம் முன்போலவே வந்தார், இறக்கினார், முகத்தைத் துடைத்தார். இப்போதெல்லாம் கை மூடிமேல் போவதில்லை.

சிவசம்பு விரும்பியது நடந்துவிட்டது. எறும்பு இல்லை, புகார் இல்லை. ஆனால் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் அந்த மொட்டை மூடிதான் கண்முன் வந்தது. பெட்டியைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து அந்த மனிதன் கையில் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் டிப்போவில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். இத்தனை வருஷமாக ஊரறிய அந்தப் பழத்தோடு சண்டை போட்டவர், இப்போது தன் கையாலேயே எப்படி நீட்டுவது? கன்னையா காதுக்குப் போகும். இராஜம்மா சிரிப்பாள். பூரணம் சும்மாவே விடமாட்டாள். அடுத்த வாரம் பார்ப்போம், அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டார். நல்ல காரியத்துக்கு நாள் பார்ப்பவர்கள் வழக்கமாக இழப்பது எதையோ அதை அவரும் இழக்கப் பார்த்தார்.

ஒரு வியாழக்கிழமை வேறொருவர் பெட்டி கொண்டுவந்தார்.

“வேலாயுதம் எங்க?”

“ஸ்டேசன்ல ஆளக் குறைச்சிட்டாங்கய்யா. அண்ணன் ஊருக்குப் போகப் பேரக் குடுத்துட்டாரு. நாளைக்கு போர்ட் சுவெட்டன்ஹாம்ல கப்பல்.”

சிவசம்பு அன்று முழுவதும் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். மறுநாள் விடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு, “கிள்ளானுக்குப் போட்டு வாறன், கம்பெனி அலுவல்” என்றார்.

“முந்தாநாள்தானே போனியள்?” என்றாள் பூரணம்.

“முந்தாநாளைய அலுவல் வேற.”

கொட்டகையில் இராஜம்மா மட்டும் இருந்தாள். கன்னையா பந்திங் போயிருந்தார். சிவசம்பு பழக்குவியல் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, ஒரு பழம் தா.”

“வீட்டுக்கா ஐயா?” அவள் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்தாள்.

“உது வேண்டாம். அங்கால இருக்கிறது.”

“இதா?”

“அதுவும் இல்லை. கண் விரிஞ்சிருக்கவேணும். அடியில மஞ்சள் படர்ந்திருக்கவேணும். இத்தனை காலம் இதுக்குள்ள இருக்கிறாய், ஒரு பழம் பார்த்து எடுக்கத் தெரியாதோ?”

இராஜம்மா வியப்போடு அவரைப் பார்த்துவிட்டு, குவியலுக்குள் கைவிட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அவள் மற்றப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்து, சிவசம்பு சுவரோரம் தொங்கிய வாழைநாரில் ஒன்றை உருவிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார். வெளியே வந்தபோது கள்ளனைப்போல அவருக்கு வியர்த்திருந்தது.

வாழ்க்கையில் எதையும் சுமந்து பழக்கமில்லாத மனிதர். பழத்தைக் கையில் பிடிப்பதா, கக்கத்தில் இடுக்குவதா என்று தெரியவில்லை. முள் கையைக் குத்திற்று. போர்ட் சுவெட்டன்ஹாம் வண்டியில் எதிரே இருந்தவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். “விற்பனைக்கில்லை” என்றார் சிவசம்பு, அவர் ஒன்றும் கேட்காமலே.

துறைமுகத்தில் ஊருக்குப் போகிறவர்களையெல்லாம் ஒரு கொட்டகைக்குள் அடைத்து டாக்டர் பரிசோதித்துக்கொண்டிருந்தார். உள்ளே பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது. வெளியில் சுவரோரமாக அவர்களுடைய மூட்டைகளும் பெட்டிகளும் வரிசையாகக் கிடந்தன. காவல்காரர் மறுமூலையில் வேலியோரம் யாரோடோ வாதாடிக்கொண்டிருந்தார். சிவசம்பு அந்த வரிசை ஓரமாக நடந்தார். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், கோணி மூட்டை, சட்டி பானை. நடுவில் ஒரு மண்ணெண்ணெய்ப் பலகைப் பெட்டி. பலகையில் நீலச் சாயம் பாதி அழிந்து ‘கன்னையா பழக்க’ வரை தெரிந்தது. மூடிமேல் மடித்து வைத்த சிவப்புச் சும்மாடு.

கம்பெனிப் பெட்டியிலேயே ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுவதையும் கட்டி வைத்திருந்தான். கப்பல் வரைக்கும் தானே சுமக்கவேண்டிய பெட்டி.

சிவசம்பு சும்மாட்டை மெல்ல நகர்த்தினார். பழத்தை மூடிமேல் வைத்து, கொண்டையில் நாரைச் சுற்றி, பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றோடு சேர்த்து முடிந்தார். முடிச்சு வழுக்கிற்று. பழம் உருண்டு அவர் சப்பாத்தின்மேல் விழுந்தது. “சனியன்” என்றார். உடனே முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மறுபடி சுற்றினார். ஓர் இழுப்புக்கு அவிழும் அந்த முடிச்சை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார், ஒருதடவையாவது எப்படிப் போடுகிறார்கள் என்று கவனித்தாரா? மூன்றாவது முறை பல்லால் கடித்து இழுத்து, அவருக்குத் தெரிந்த ஒரே முடிச்சான கோணி முடிச்சைப் போட்டார். ஓர் இழுப்புக்கு அது அவிழாது. கத்திதான் வேண்டும். ஆனால் கப்பல்வரை விழாது.

உள்ளே பெயர் கூப்பிடும் சத்தம் நின்றது. யாரோ கதவைத் திறக்கும் ஓசை கேட்டது. சிவசம்பு சும்மாட்டைப் பழைய மடிப்பிலேயே பழத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, கோட்டைத் தட்டிக்கொண்டு விறுவிறுவென்று ரயிலடிப் பக்கம் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மணிக்கட்டில் சுரீர் என்றது. செவ்வெறும்பு. அதைத் தட்டிவிட்டு, தடிப்புத் தெரியாதபடி கோட்டுக் கையை இழுத்து விட்டுக்கொண்டார், பூரணம் கேட்பாளே என்று.